காதுக்குள் சிள்வீடு: ஏற்புச் சிகிச்சைக் குழுவில் எட்டு வாரங்கள்

பாலைத்திணைப் பாடல்களை நடத்தும்போது 'சிள்வீடு' என்ற சொல் வரும். வறண்ட காட்டில், இலையுதிர்ந்த மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு ஓயாமல் ஒலிக்கும் பூச்சி அது. 'இன்று சில்வண்டு என்கிறோமே, அதுதான்' என்று பதினெட்டு ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பொருள் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி இரவில், மழை விட்டு வீடு அடங்கிய நேரத்தில், அந்தப் பூச்சி கத்தத் தொடங்கியது. எழுந்து சன்னலைச் சாத்தினேன். பிறகு கொல்லைக் கதவைச் சாத்தினேன். கடைசியில் விரலால் இடது காதை அடைத்தேன். ஒலி இன்னும் கூடியது. அது வெளியே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

மருத்துவத்தில் இதற்கு டின்னிடஸ் என்று பெயர். தமிழில் காதிரைச்சல் எனலாம். 2022இல் 'ஜாமா நியூராலஜி' இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, உலகில் 74 கோடிக்கும் மேற்பட்ட வயதுவந்தோருக்கு இது உண்டென்றும், அவர்களில் 12 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இது கடுமையான தொல்லை என்றும் மதிப்பிட்டது. பெரும்பாலும் செவித்திறன் குறைவோடு சேர்ந்து வருகிறது. காதிலிருந்து வரவேண்டிய செய்தி குறையும்போது, மூளை தன் கேட்புணர்வைத் தானே கூட்டிக்கொள்வதால் எழும் ஒலி என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அந்த ஒலியை நிறுத்தும் மருந்து இன்றுவரை கண்டறியப்படவில்லை. எனக்கும் ஆடியோகிராம் எடுத்தார்கள், ஒரு பக்கக் காதில் மட்டும் ஒலிப்பதால் எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள். அஞ்சத்தக்கது ஏதுமில்லை என்று தெரிந்தது. காது மருத்துவர் கோப்பை மூடியபடி, "பழகிக்கோங்க சார்" என்றார். ஒரு மனிதரிடம் சொல்லக்கூடிய மிகச் சரியான சொல்லும் மிகக் கொடிய சொல்லும் அதுவாகவே இருக்க முடியும் என்று அன்று எனக்குத் தெரியாது.

பழகுவது எப்படி என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லித் தருவதாகக் கூறிய ஒரு குழுவில் எட்டுச் சனிக்கிழமைகள் உட்கார்ந்துவிட்டு வந்த ஒருவனின் எண்ணங்கள் இவை. ஏற்பை அடிப்படையாகக் கொண்ட குழுச் சிகிச்சை பற்றி ஆய்வாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அதன் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன நேர்கிறது என்பது பற்றித் தமிழில் நான் எதையும் படித்ததில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

*

இச்சிகிச்சைகளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஸின், நாட்பட்ட வலியோடு வாழ்பவர்களை ஒரு குழுவாக உட்காரவைத்துப் பல வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். வலியைப் போக்குவது அதன் நோக்கமன்று, வலியோடு ஒருவர் கொள்ளும் உறவை மாற்றுவதே நோக்கம். ஏறத்தாழ அதே காலத்தில் ஸ்டீவன் ஹேய்ஸ் என்ற உளவியல் பேராசிரியருக்கு, 1978இல் துறைக் கூட்டம் ஒன்றில், பேச வாயெடுத்தபோது குரல் வெளிவராத அளவுக்குப் பெரும் பீதி ஏற்பட்டது. அதிலிருந்து தப்ப அவர் செய்த ஒவ்வொரு முயற்சியும் பீதியை வளர்த்தது. அந்த அனுபவத்தின் வழியே அவரும் நண்பர்களும் உருவாக்கியதுதான் ஏற்பும் ஈடுபாடும் என்ற இரு கால்களில் நிற்கும் சிகிச்சை. அதன் முதல் பெருநூல் 1999இல் வந்தது.

காதிரைச்சலுக்கு இவ்வழிமுறை வந்தது பின்னர்தான். லண்டனில் லாரன்ஸ் மெக்கென்னாவும் லிஸ் மார்க்ஸும் மற்றவர்களும் 75 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு விழிப்புநிலை சார்ந்த குழுச் சிகிச்சையும் மறு பிரிவுக்குத் தளர்வுப் பயிற்சியும் அளித்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரு பிரிவினருக்குமே தொல்லை குறைந்தது. முதற்பிரிவில் அது கூடுதலாகக் குறைந்தது, ஆறு மாதங்களுக்குப் பிறகும் அந்தப் பயன் நிலைத்திருந்தது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் 'நைஸ்' அமைப்பு 2020இல் வெளியிட்ட குறிப்பில் இத்தகைய குழுக்களும் இடம்பெற்றன. அதே ஆண்டில் மார்க்ஸும் உடன் ஆய்வாளர்களும், இச்சிகிச்சை பெற்றவர்களிடம் நேர்காணல் நடத்தி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒலியோடு நடத்திய போரிலிருந்து ஒலியை இருக்கவிடுவதற்கு மாறியதே அவர்கள் அனுபவத்தின் சாரம் என்கிறது அக்கட்டுரை.

அதைப் படித்தபோது, உண்மைதான் என்று தோன்றியது. ஆனால் அவ்வளவு நேர்கோடாக எனக்கு நடக்கவில்லை என்பதும் தோன்றியது.

*

கொங்குநாட்டு நகரம் ஒன்றில், மருத்துவமனையின் மேல்மாடி அறை. வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்பது பேர் இருந்தோம். நடத்தியவர் இளம் உளவியலாளர், என் மாணவியராக இருந்திருக்கக்கூடிய வயது. முதல் நாள் அவர் போட்ட நிபந்தனை ஒன்றே: இங்கே கேட்டது எதையும் ஆளோடும் பெயரோடும் சேர்த்து வெளியே சொல்லக்கூடாது. எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. அகப்பாடலில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் விதித்ததை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான். அது இலக்கண மரபு என்று மட்டுமே நினைத்திருந்தேன். பெயரில்லாதபோதுதான் மனிதர்கள் உள்ளே இருப்பதைப் பேசுவார்கள் என்ற எளிய உளவியல் அதில் இருக்கக்கூடும் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அந்த வாக்கை இங்கும் காக்கிறேன். என் கதையைத்தான் சொல்கிறேன். வேறு இருவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தை மட்டும் அவர்கள் சம்மதத்தோடு சேர்த்திருக்கிறேன்.

முதல் வாரத்தின் உணர்வு கோபம். 'ஏற்றுக்கொள்ளுதல்' என்ற சொல்லை உளவியலாளர் உச்சரித்த கணமே அறையில் ஓர் இறுக்கம் பரவியது. பணம் கட்டி, ஒன்றரை மணிநேரம் பேருந்தில் வந்து, கடைசியில் காது மருத்துவர் இலவசமாகச் சொன்னதையே கேட்கவேண்டுமா என்று நினைத்தேன். எதிரில் இருந்த பெண்மணி அதை வாய்விட்டே சொன்னார்: "எங்க மாமியார் இருபது வருசமாச் சொன்னதைத்தான் நீங்களும் சொல்றீங்க." எல்லோரும் சிரித்தோம். அது வெறும் நகைச்சுவை அன்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் வாரம் ஒவ்வொருவரும் தம் ஒலியை விவரிக்கவேண்டும். குக்கர் விசில் வருவதற்கு முன் எழும் சீற்றம். மின்மாற்றிக்குக் கீழே நிற்பதுபோல் ஓர் உறுமல். ஆளில்லாத ஊரில் ஓடும் மாவரைக்கும் எந்திரம். சங்கைக் காதில் வைத்தால் கேட்கும் கடல். நான் சிள்வீடு என்று சொல்லி விளக்கவேண்டியதாயிற்று. உவமைக்கும் உருவகத்திற்கும் வேறுபாடு எழுதச் சொன்னால் திணறும் மாணவர்களையே பார்த்துப் பழகிய எனக்கு, கவிதை நூல் எதையும் தொட்டிராத எட்டுப் பேர் இவ்வளவு துல்லியமான உவமைகளோடு பல மாதங்களாக வாய்மூடி இருந்திருக்கிறார்கள் என்பது வியப்பாக இருந்தது. அந்த உவமைகளைக் கேட்க ஆளில்லாமலே அவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். வீட்டில் சொன்னால், 'எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பிறர் காணமுடியாத நோயின் பெரும்பாரம், அதற்குச் சாட்சி இல்லை என்பதே. குழு முதலில் அந்தச் சாட்சியத்தைத் தருகிறது. குழுச் சிகிச்சை பற்றி 1970இல் முதன்மையான நூலை எழுதிய இர்வின் யாலோம், 'நான் மட்டும் அல்லன்' என்ற இந்த அறிதலைக் குழுவின் குணப்படுத்தும் கூறுகளில் ஒன்றாக வைத்தார். அதற்கு உளவியல் கலைச்சொல் எதுவாயினும், நம் கிராமத்துப் பெண்கள் அதை அறிவார்கள். ஒப்பாரியில் தோள்சேர்த்து வட்டமாக உட்காரும் பெண்களில் ஒவ்வொருத்தியும் அழுவது அந்த வீட்டு இழவுக்காக மட்டும் அன்று. தன் வீட்டில் அழமுடியாமல் போனதையும் சேர்த்தே அழுகிறாள்.

மூன்றாம் வாரமும் நான்காம் வாரமும் நிலைமை மோசமாயிற்று. இதை வலியுறுத்திச் சொல்லவேண்டும், ஏனெனில் ஆய்வுக் கட்டுரைகளின் வரைபடத்தில் சாய்ந்து இறங்கும் கோட்டில் இது தெரிவதில்லை. கண்ணை மூடி உட்கார்ந்து, மூச்சைக் கவனித்து, பிறகு அந்த ஒலியையே கவனிக்கச் சொன்னார்கள். அதுவரை வானொலியாலும் மின்விசிறியாலும் மூடி வைத்திருந்த ஒன்றை மூடியைத் திறந்து பார்ப்பது அது. அன்றிரவு நான் தூங்கவில்லை. ஐந்தாம் வாரம் இருவர் வரவில்லை, பிறகும் வரவில்லை. அவர்களை முயற்சி போதாதவர்கள் என்று எண்ணுவது அநியாயம். ஒருவேளை அவர்களுக்குத் தனியே உட்கார்ந்து பேச ஒருவர் முதலில் தேவைப்பட்டிருக்கலாம். எட்டு வாரம் என்பது பாடத்திட்டத்தின் கால அளவு. துயரத்திற்கு அத்தகைய பருவமுறை கிடையாது.

அந்த வாரங்களில் எனக்குத் துணையாக இருந்தது ஒரு தகவல். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், செவி நலமாக இருந்த 80 பேரை ஒலி புகாத அறையில் உட்காரவைத்து என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். 94 விழுக்காட்டினர் ஏதோ ஒரு ஒலியைக் கேட்டதாக எழுதினார்கள். அதாவது நான் ஏங்கிய அந்த முழு அமைதி அநேகமாக எவர் காதிலும் இருந்ததில்லை. நான் இழந்துவிட்டதாக நினைத்து அழுத பொருள் என்னிடம் முன்பும் இருந்ததில்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. என் இரைச்சல் அவர்களுடையதைவிடப் பலமடங்கு பெரிது. ஆயினும் எதிரி என்று நினைத்தது உடம்பின் இயல்பான ஒலிகளின் உறவுக்காரன்தான் என்று அறிந்தபோது, முறைப்பு சற்றுத் தளர்ந்தது.

ஆறாம் வாரம் 'பேருந்துப் பயணிகள்' என்றொரு நாடகம் நடத்தினோம். இச்சிகிச்சையில் எங்கும் வழங்கும் உருவகம் இது. ஒருவர் ஓட்டுநர். மற்றவர்கள் அவருடைய அச்சங்களாகவும் வேண்டாத எண்ணங்களாகவும் பின்னால் உட்கார்ந்து கூச்சலிடவேண்டும். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி அவர்களோடு சண்டை போட்டால் வண்டி நகராது. அவர்கள் சொல்லும் பாதையில் போனால் போகவேண்டிய ஊர் வராது. கூச்சலோடு ஓட்டவேண்டும். என் முறை வந்தபோது, 'எந்த ஊருக்குப் போக நினைத்து நிறுத்தினீர்கள்?' என்று உளவியலாளர் கேட்டார். விடை சொல்ல நாணமாக இருந்தது. தேர்வறைக் கண்காணிப்பு.

நூறு பேர் இருக்கும் கூடத்தில் மூன்று மணிநேர மௌனம். அந்த மௌனத்தில் என் காது கொட்டும் கூச்சலை நினைத்து, நான்கு பருவங்களாக அந்தப் பணியை உடன்பணியாற்றுவோரிடம் ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிவிட்டு வந்திருந்தேன். நூலகத்தின் உள்ளறையை விட்டிருந்தேன். இரவு வாசிப்பை விட்டிருந்தேன். ஒலி என்னிடமிருந்து பறித்தவை என்று நான் வைத்திருந்த பட்டியலில் பெரும்பகுதி, ஒலிக்கு அஞ்சி நானே கொடுத்தவை என்பது அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் தெரிந்தது. அந்த ஏப்ரலில் கண்காணிப்புக்குப் போனேன். அதிசயம் ஏதும் நிகழவில்லை. மூன்று மணிநேரமும் சிள்வீடு கத்தியது. ஆனால் இடையில் யாரோ கூடுதல் தாள் கேட்டார்கள், ஒரு பையனின் பேனா ஒழுகியது, மூன்றாம் வரிசைப் பெண் கேள்வித்தாளைப் பார்த்து மெல்ல அழுதாள். அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அந்தச் சில நிமிடங்களில் ஒலி இருந்ததா என்று கேட்டால், இருந்திருக்கும். நான் அங்கே இல்லை.

*

இப்போது என் மாற்றுக்கருத்துக்கு வருகிறேன். இச்சிகிச்சையை நான் பரிந்துரைக்கிறேன், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு.

ஏழாம் வாரம் குழுவில் ஒரு நூற்பாலைத் தொழிலாளர் கேட்டார்: "ஏனுங்க, காதுக்குள்ள கேக்கற சத்தத்தை ஏத்துக்கறேன். மில்லுக்குள்ள கேட்ட சத்தத்தையுமா ஏத்துக்கோணும்?" இருபது ஆண்டுகளுக்கு மேல் எந்திர இரைச்சலில் நின்றவர். காதடைப்பான் தரப்படவில்லை. இரைச்சலால் வரும் செவிக்குறை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோயாகவே பட்டியலிடப்பட்டிருந்தது. அவர் காது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. இவரிடம் போய் ஏற்பு என்று சொல்வதற்கு என்ன பொருள்?

ஏற்றுக்கொள் என்பது நம் சமூகத்தில் வெள்ளைத்தாளில் எழுதப்படும் சொல் அன்று. விதி என்றும், தலையெழுத்து என்றும், குடும்பத்துக்கு அடக்கம் என்றும் காலங்காலமாகப் பெண்களிடமும் உழைப்பவர்களிடமும் ஒடுக்கப்பட்டவர்களிடமும் சொல்லப்பட்ட சொல். மாமியாரைக் குறிப்பிட்ட அந்தப் பெண்மணியின் காதில் அது விழுந்த விதம் வேறு, பல்கலைக்கழகப் பேராசிரியராகிய ஹேய்ஸின் எழுத்தில் அது இருக்கும் விதம் வேறு. ஒரே சொல்லை ஒன்பது பேர் ஒன்பது வாழ்க்கையின் வழியாகக் கேட்கிறார்கள். சிகிச்சை நடத்துபவர் இதை உணராவிட்டால், அவர் தம்மை அறியாமலே ஆலை முதலாளிக்கும் மாமியாருக்கும் உதவியாளராகிவிடுவார்.

எங்கள் உளவியலாளர் அன்று உடனே விடை சொல்லவில்லை. யோசித்துவிட்டு வருகிறேன் என்றார். அந்த நேர்மைக்காகவே அவரை மதிக்கிறேன். அடுத்த வாரம் அவர் சொன்னது இதுதான்: தோலுக்கு உள்ளே எழும் ஒலியையும் வலியையும் நினைவையும் அச்சத்தையும் கட்டளையிட்டு நிறுத்த முடியாது, அவற்றுக்குத்தான் இடம் கொடுக்கச் சொல்கிறோம். தோலுக்கு வெளியே, கைகால் எட்டும் இடத்தில் உள்ள எதையும் ஏற்கச் சொல்லவில்லை. உள்ளே நடக்கும் சண்டையில் செலவாகும் வலு மிச்சமானால், வெளியே செய்யவேண்டியதற்கு அது உதவும்.

கோட்பாட்டளவில் சரியான விடை. உலக சுகாதார நிறுவனம் இதே சிகிச்சையின் அடிப்படையில் அமைத்த ஐந்து அமர்வுக் குழுப் பயிற்சியை உகாண்டாவில் இருந்த தென்சூடான் அகதிப் பெண்கள் 694 பேரிடம் சோதித்து 2020இல் முடிவுகள் வெளிவந்தன. ஒலிப்பதிவைக் கொண்டு, சிறிது பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களே நடத்திய குழுக்கள் அவை. மூன்று மாதங்களுக்குப் பிறகும் அப்பெண்களின் மனத்துயர் சற்றே குறைந்திருந்தது. சற்றே என்பதை மறைக்கவேண்டியதில்லை. போரும் முகாமும் அப்படியே இருக்க, ஐந்து அமர்வுகளால் அவ்வளவுதான் முடியும். அதுவும் பொருட்படுத்தத்தக்கதே. ஆனால் அகதி முகாமில் ஏற்பைக் கற்றுத்தருபவர்கள், போரையும் முகாமையும் ஏற்கச் சொல்லவில்லை என்பதை ஒவ்வோர் அமர்விலும் உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது என் தரப்பு. ஒருமுறை சொன்னால் போதாது. ஏனென்றால் எதிரில் இருப்பவர் வாழ்நாள் முழுதும் அதற்கு நேர்மாறானதையே கேட்டு வந்திருக்கிறார்.

ஆலைத் தொழிலாளர் அதன்பின் தம் சங்கத்தைப் பார்க்கப் போனார். அங்கே என்ன ஆயிற்று என்பது அவர் கதை. அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை.

*

தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு சொல்லாய்வோடு முடிக்க அனுமதிக்கவேண்டும். 'ஏற்றல்' என்பதற்குத் தமிழில் வாங்கிக்கொள்ளுதல், இரத்தல் என்ற பொருள்கள் உண்டு. போர்க்களத்தில் எதிர்த்து நிற்றல் என்ற பொருளும் உண்டு. இன்றைய வழக்கில் அந்தக் கடைசிப் பொருள் தேய்ந்து, 'ஏற்றுக்கொள்' என்றால் கைநீட்டி வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நிற்கும் சித்திரமே மிஞ்சியிருக்கிறது. குழுவில் எங்களுக்கு எழுந்த கோபத்தில் பாதி அந்தச் சித்திரத்தின் மீதுதான்.

மாறாக 'எதிர்கொள்ளுதல்' என்ற சொல்லைப் பாருங்கள். வரும் விருந்தினரை வாசலுக்குச் சென்று வரவேற்பது அதன் பழம்பொருள். நேருக்கு நேர் நின்று சமாளிப்பது இன்றைய பொருள். வரவேற்பும் எதிர்நிற்றலும் ஒரே சொல்லுக்குள் பகையின்றி இருக்கின்றன. வருபவர் நமக்கு உவப்பானவராக இருக்கவேண்டும் என்பதில்லை. வந்துவிட்டார், கதவைச் சாத்தி வேலையில்லை, எழுந்து போய்ப் பார்க்கவேண்டும், அவ்வளவே. அதன்பின் அவரை எங்கே உட்காரவைப்பது என்பது வீட்டுக்காரரின் முடிவு. எட்டு வாரங்களில் நான் பெற்றதை இச்சொல்லால்தான் எனக்கே விளக்கிக்கொள்ள முடிந்தது. கடைசி நாள் இதைக் குழுவில் சொன்னபோது, உளவியலாளர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மாமியாரைப் பற்றிச் சொன்ன பெண்மணி, "இதை மொத நாளே சொல்லியிருக்கலாமுங்க" என்றார்.

நம் ஊரில் இத்தகைய குழுக்கள் பெரும்பாலும் பெருநகரத் தனியார் மருத்துவமனைகளில், ஆங்கிலக் கைப்பிரதிகளோடு, கட்டணம் கட்டக்கூடியவர்களுக்கே கிடைக்கின்றன. பத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளும் பயிற்சி பெற்ற ஒருவரும் ஒரு மூடிய அறையும் போதும். மாவட்ட அரசு மருத்துவமனையில் இது முடியாதது அன்று. மொழிபெயர்த்த கைப்பிரதி மட்டும் போதாது. வருபவர்களின் உவமைகளையும் கோபங்களையும் கேட்டு, அதிலிருந்து சொற்களை எடுத்துக்கொள்ளும் பொறுமை வேண்டும். தமிழ் படித்தவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது என்று நம்புகிறேன்.

இதை எழுதும்போது இரவு பதினொன்றரை. வானொலியை நிறுத்தி ஓராண்டுக்கு மேலாகிறது. சிள்வீடு கத்திக்கொண்டிருக்கிறது. நாளைக் காலை முதல் வகுப்பு, பாலைத்திணை.